சகிக்க முடியாதவர்களை நேசிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வேதபாடத்தை நான் பதினான்கு வருடமாக நடத்தி வருகிறேன். பாடம் முடிந்து, ஜெபமும் முடிந்து, எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் மட்டும் பின்தங்குவார். "அக்கா, ஒரு விஷயம்" என்பார். அந்த ஒரு விஷயம் பெரும்பாலும் ஒரு ஆளைப் பற்றியதாக இருக்கும். மாமியார், குடிக்கிற தம்பி, சொத்தில் ஏமாற்றிய சித்தப்பா, கமிட்டியில் எதற்கெடுத்தாலும் எகிறுகிற ஒருவர். கேட்டவர்கள் யார் என்று தெரியாதபடி அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கின்றன. நம் வாயில் பழகியது அதுதான்.

எல்லாரையும் நேசி என்கிறது வேதம். எனக்கு அவரைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. நான் நல்ல கிறிஸ்தவள் இல்லையா?

பிடிப்பது வேறு, நேசிப்பது வேறு. மத்தேயு 5:44-ஐ எடுத்து, அதில் இருக்கும் வினைச்சொற்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். சிநேகியுங்கள், ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள். வாயும் கையும் முழங்காலும் செய்கிற வேலைகள். மனதில் இனிமையாக உணருங்கள் என்று அங்கே எழுதியில்லை. "சத்துருக்கள்" என்ற சொல்லையும் இயேசு மாற்றவில்லை. உங்களைத் துன்பப்படுத்துகிறவரை நல்லவர் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

அவரைக் கண்டதும் உங்கள் முகம் சுருங்குகிறதே, அதற்காக உங்களையே அடித்துக்கொள்ள வேண்டாம். அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் நேசம் ஆரம்பிக்கிறது.

மனதுருக்கம் என்றால் என்ன? பரிதாபப்படுவதும் அதுவும் ஒன்றா?

இல்லை. பரிதாபப்படுகிறவர் மேலே நின்று பார்ப்பார். மனதுருகுகிறவர் இறங்கி வருவார்.

நம் வேதாகமத்தில் "மனதுருகி" என்று வருகிற இடங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் இருந்த ஜனங்கள் (மத்தேயு 9:36), ஒரே மகனை அடக்கம் பண்ணப்போன நாயீன் ஊர் விதவை (லூக்கா 7:13), அடிபட்டுக் கிடந்தவனிடம் வந்த சமாரியன் (லூக்கா 10:33), இளையகுமாரனைத் தூரத்தில் கண்ட தகப்பன் (லூக்கா 15:20). கிரேக்க மூலத்தில் இந்த நான்கிலும் ஒரே வினைச்சொல். அதன் வேர் குடல், உள்ளுறுப்பு என்ற பொருளுடையது. நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. "பெத்த வயிறு" என்றும் "வயிறு கலங்கிப்போச்சு" என்றும் பேசுகிறவர்கள் நாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு இடத்திலும் மனதுருகுவதற்கு முன்னால் "கண்டு" அல்லது "பார்த்து" என்று வருகிறது. முதலில் பார்வை, அப்புறம்தான் உருக்கம். ஆனால் ஆசாரியனும் லேவியனும்கூடக் கண்டார்கள். கண்டு, பக்கமாய் விலகிப்போனார்கள். சமாரியன் கிட்டே வந்தான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் கணவரின் அப்பா, எங்கள் மாமா, பதினோரு வருடம் எங்களோடு இருந்தார். சாப்பாட்டு நேரம் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். தட்டு வைத்ததும் எழுந்து அடுக்களைக்கு வந்து சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பார். "இவ்வளவுதானா?" என்பார். விருந்தாளி இருந்தாலும் கேட்பார். நான் சோற்றில் வஞ்சகம் பண்ணுகிறவள் மாதிரி எல்லார் முன்னாலும் நிற்பேன். இரண்டு வருடம் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். என் கணவரிடம் அழுதிருக்கிறேன், பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்திருக்கிறேன்.

ஒருநாள் மாமாவின் தங்கை வந்திருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னார்: "அம்மா செத்ததும் அண்ணன எட்டு வயசுல போர்டிங்ல விட்டுட்டாங்க. கடைசி வரிசைல உக்காந்தா பானை காலியாயிரும். லீவுக்கு வரும்போது எலும்பும் தோலுமா வருவான்." எனக்குக் கை நின்றுவிட்டது. எழுபது வயதில் என் பானையை வந்து திறந்து பார்த்தது அந்த எட்டு வயதுப் பையன்.

மறுநாளிலிருந்து அவர் எழுந்திருக்கும் முன்னாலேயே பானையை மேசைக்குக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரில் திறந்து வைத்தேன். அவர் அப்போதும் "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்டார். ஆனால் அந்தச் சொல் எனக்குள் இறங்குகிற ஆழம் குறைந்துவிட்டது.

எல்லாருடைய கதையும் இப்படித் தற்செயலாகக் கிடைத்துவிடாது. கிடைக்காத இடத்தில் "இவருக்குள்ளும் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது" என்று இடம்விட்டு வைக்கலாம். ஒரு முக்கியமான விஷயம்: நன்றாக இருந்த ஒரு பெரியவர் திடீரென்று சந்தேகப்பட, கத்த, திட்ட ஆரம்பித்தால் அதைச் சுபாவம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பக்கவாதம், மறதிநோய், மனச்சோர்வு என்று எதுவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் கூட்டிப்போவதும் அன்புதான்.

ஏன் இப்படி நடக்கிறார் என்று புரிந்துகொண்டால், அவர் செய்தது சரி என்று ஆகிவிடாதா?

ஆகாது. யோசேப்பைப் பாருங்கள். தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைப் பார்த்து அழுதார், சோறு போட்டார், குடியிருக்க இடம் கொடுத்தார். ஆனாலும் அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" (ஆதியாகமம் 50:20). தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பது அதற்கு அடுத்த வரி. முதல் வரியை அவர் விழுங்கவில்லை.

நிபந்தனையற்ற அன்பு என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். அப்படியானால் கேட்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

இதைக் கேட்டவருடைய தம்பிக்குக் குடிப்பழக்கம். மூன்று முறை இவர் தன் சங்கிலியை அடகு வைத்து அவன் கடனை அடைத்திருக்கிறார். நான்காவது முறை ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்து நின்றான்.

"நிபந்தனையற்ற அன்பு" என்ற சொற்றொடர் வேதத்தில் அப்படியே இல்லை. அகாப்பே என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தெய்வீக அன்பு என்று பொருள் சொல்வார்கள். ஆனால் தேமா "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" பவுலை விட்டுப் போனான் என்கிற இடத்திலும் (2 தீமோத்தேயு 4:10) அதே சொல்லின் வினைதான் இருக்கிறது. ஆகவே சொல்லை வைத்து முடிவு செய்ய முடியாது, கருத்தைத்தான் பார்க்க வேண்டும். "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக" மரித்தார் என்பதுதான் அதன் ஆணிவேர் (ரோமர் 5:8). நாம் தகுதியாவதற்கு அவர் காத்திருக்கவில்லை. நிபந்தனை இல்லை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

லூக்கா 15-இல் வருகிற தகப்பனுக்கு, வீட்டை விட்டுப் போன மகன்மேல் இருந்த அன்பு ஒருநாளும் குறையவில்லை. ஆனால் தூரதேசத்துக்கு அவர் பணம் அனுப்பவும் இல்லை. பஞ்சம் வந்தது, பன்றி மேய்த்தான், தவிடு தின்ன ஆசைப்பட்டான், அப்போதுதான் அவனுக்குப் புத்தி தெளிந்தது. அந்த நாட்களில் தகப்பன் செய்ததெல்லாம் வழியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் தூரத்திலேயே கண்டார்.

அந்த அக்கா தம்பியிடம் சொல்லிவிட்டு வந்த வார்த்தையை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்: "கையெழுத்துப் போட மாட்டேன்டா. ஆஸ்பத்திரிக்கு வா, எத்தன நாளானாலும் கூடவே இருக்கேன். வீட்டுக்கு வந்தா சோறு உண்டு. துட்டு கெடையாது." இதில் அன்பு எங்கே குறைகிறது?

குடிநோயைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அது நோய், வெறும் பிடிவாதம் அல்ல. பல வருடம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே வீட்டில் பூட்டிவைத்து உபவாச ஜெபம் மட்டும் பண்ணாமல், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்காவது கொண்டுபோங்கள். ஜெபத்தை அங்கேயும் பண்ணலாம். மூன்றாவது, குடிக்கிறவர்களுக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இருப்பதுபோல, அவர்களோடு வாழ்கிற குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற கூட்டங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. போய் உட்கார்ந்தவர்களின் முகத்தில் வந்த மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மன்னித்துவிட்டேன். ஆனால் பழையபடியே பழகியாக வேண்டுமா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

தாவீதும் சவுலும். 1 சாமுவேல் 26-இல் தாவீது ராத்திரியில், தன்னைக் கொல்லத் தேடி வந்த ராஜாவாகிய சவுலின் பாளயத்துக்குள் போய், தலைமாட்டில் இருந்த ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்து வருகிறார். கொன்றிருக்கலாம், கொல்லவில்லை. பிறகு சவுல் சொல்கிறார்: "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா." நம் ஊரில் என்றால் இந்த இடத்தில் இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்து போட்டோ எடுத்துவிடுவோம். தாவீது என்ன செய்தார்? ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அதையும் தானே கொண்டுபோகவில்லை, வாலிபரில் ஒருவன் இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றார். பிறகு தன் வழியே போனார். சவுல்மேல் அவருக்குப் பகை இல்லை. பின்னால் சவுல் செத்தபோது புலம்பல் பாடியவரும் அவரே. ஆனால் ஏற்கெனவே தன்மேல் ஈட்டியை எறிந்த ஒருவரின் கை எட்டும் தூரத்துக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

இதைவிடத் தெளிவாக எனக்கு உதவியது பவுலின் ஒரே அதிகாரம், 2 தீமோத்தேயு 4. மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இந்த மாற்குவை முன்னிட்டுத்தான் ஒருகாலத்தில் பர்னபாவோடு கடுங்கோபம் மூண்டு பிரிந்தார் (அப்போஸ்தலர் 15). காலம் போயிற்று, மாற்கு மாறினார், பவுலும் மாறினார். செம்புவேலை செய்கிற கன்னானாகிய அலெக்சந்தரைப் பற்றி எழுதும்போது, அவன் எனக்கு வெகு தீமை செய்தான், "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்கிறார். பழிவாங்கவில்லை, கர்த்தரிடம் விட்டுவிட்டார். ஆனால் தீமோத்தேயுவுக்கு எச்சரிக்கை சொல்லத் தயங்கவில்லை. அடுத்து, விசாரணையில் தன்னைக் கைவிட்டு ஓடினவர்களைப் பற்றி, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். அவர்கள் பயந்துபோனவர்கள், அவ்வளவுதான். ஒரே கை எழுதிய ஒரே அதிகாரத்தில் மூன்று விதமான ஆட்களுக்கு மூன்று விதமான நடத்தை.

மன்னிப்பை நீங்கள் ஒருவராகவே கொடுக்கலாம். ஒப்புரவாவதற்கு இரண்டு பேர் வேண்டும். நம்பிக்கைக்கு அதோடு காலமும் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, "மன்னிச்சிட்டேல்ல, அப்ப ஏன் வீட்டுக்கு வர மாட்டேங்க?" என்று கேட்கிறவர்களிடம் ரோமர் 12:18-ஐ வாசித்துக் காட்டுங்கள்: "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்." கூடுமானால் என்றும் உங்களாலானமட்டும் என்றும் எழுதினவருக்கு மனுஷரைத் தெரிந்திருக்கிறது.

கணவர் அடிக்கிறார். "பொறுத்துப்போ, ஜெபி, மாறுவார்" என்கிறார்கள். அதுதான் கிறிஸ்தவ அன்பா?

இல்லை. தயவுசெய்து அடிபட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்ற பழமொழி வேதத்தில் இல்லை. மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்று 1 பேதுரு 3-இன் முதல் வசனத்தைக் காட்டுகிறவர்கள் ஏழாம் வசனத்தையும் வாசிக்கட்டும். மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காத புருஷனுடைய ஜெபத்துக்கே தடை வரும் என்கிறது அது. நாசரேத்தூரார் மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தபோது இயேசு அவர்கள் நடுவிலிருந்து கடந்துபோனார் (லூக்கா 4:29-30). தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்து வெளியே போனார் (யோவான் 8:59). தம் வேளை வருமட்டும் அவர் தம்மை ஒப்புக்கொடுக்கவில்லை. உங்கள் உடம்பை யாருடைய கோபத்துக்கும் ஒப்புக்கொடுக்கும்படி அவர் கேட்கவும் இல்லை.

பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112. குழந்தைகளுக்கு 1098. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு ஆணை கேட்க உரிமை உண்டு. வீடு கணவர் பேரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை உண்டு. மாவட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கணவருக்காக ஜெபிப்பதைப் பத்திரமான இடத்திலிருந்து பண்ணலாம்.

சபையில் பெரியவர்களாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் காயத்தோடு வந்து நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது "இன்று ராத்திரி எங்கே தூங்குவாய்?" என்பதுதான். சமரசம் பேச ஓடாதீர்கள்.

போலீசுக்குப் போனால் மன்னிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளிடையே பணிசெய்த கிரஹாம் ஸ்டெயின்ஸ், அவருடைய மகன்கள் 10 வயது பிலிப், 6 வயது திமொத்தேயு ஆகிய மூவரும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கணவரையும் இரண்டு மகன்களையும் ஒரே இரவில் இழந்தார். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். மகள் எஸ்தரோடு அங்கேயே தங்கி, 2004 வரை அதே நோயாளிகளைக் கவனித்தார். வழக்கு தன் வழியில் நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள்தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிளாடிஸுடைய மன்னிப்பு நீதிமன்றக் கதவைச் சாத்தவில்லை. நீதிமன்றம் தண்டித்ததால் அவருடைய மன்னிப்பு பொய்யாகவும் இல்லை.

கேரளத்தைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியா மத்தியப் பிரதேசத்தில் பழங்குடி மக்களிடையே வேலை செய்தவர். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்களை விடுவிக்கப் பாடுபட்டதால் 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்தில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய சொந்தத் தங்கை செல்மியும் துறவிதான். 2002-இல் அவர் இந்தூர் சிறைக்குப் போய், அக்காவைக் கொன்றவரைச் சகோதரனாக ஏற்று அவர் கையில் ராக்கி கட்டினார். குடும்பமே அவருடைய விடுதலைக்காகப் பரிந்து பேசியது. 2006-இல் அவர் வெளியே வந்தார். மனம் திரும்பிய ஆளாக வந்தார். ஏழு வருடம் கழித்துத்தான் அந்த ராக்கி கட்டப்பட்டது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாரும் செல்மியை மறுநாளே போகச் சொல்லி விரட்டவில்லை.

ஒரு கன்னத்தில் அறைந்தால் மறுகன்னத்தையும் காட்டச் சொன்னாரே?

பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது அவர் திருப்பி அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). மறுகன்னத்துக்கு அவரே கொடுத்த விளக்கமாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

தினமும் குத்திக்குத்திப் பேசுகிறவரோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

பெரிய தத்துவம் எதுவும் உதவாது, சின்னச் சின்ன வழக்கங்கள்தான் உதவும். எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

சொல்லுக்குப் பின்னால் இருக்கிற பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். "இப்ப எல்லாம் யாரு என்ன கேக்கா?" என்று அத்தை முனகினால், அது சாம்பாரைப் பற்றியது அல்ல. "நீங்க சொல்லுங்க அத்தை, நாளைக்கு என்ன வைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி நாள் வேலை செய்யும். மறுபாதி நாளில், "நீங்க அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்தது அத்தை" என்று ஒரே வாக்கியத்தில், குரலை உயர்த்தாமல், தனியாக இருக்கும்போது சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுங்கள். காரணம் அடுக்காதீர்கள். அடுக்கினால் அது வழக்காகிவிடும்.

உங்கள் அம்மா, அப்பாவைப் பற்றி இழுத்தால், "அவங்களப் பத்தி வேண்டாம் அத்தை" என்று சொல்லி எழுந்துவிடலாம். அது மரியாதைக்குறைவு ஆகாது.

கணக்கு வைக்காதீர்கள், இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அன்பு "தீங்கு நினையாது" என்கிற இடத்தில் (1 கொரிந்தியர் 13:5) பவுல் வைத்திருக்கும் சொல், கணக்கில் எழுதுவது என்ற பொருளில் வழங்கிய சொல். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டுதான் எனக்கு நினைவுக்கு வரும். யார் எவ்வளவு வைத்தார், நாம் எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் பத்திரமாக இருக்கும் நோட்டு. எனக்குள்ளும் ஒன்று இருந்தது. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து தேதிவாரியாக.

பசித்த சத்துருவுக்குச் சோறு போட்டால் அவன் தலையில் அக்கினித்தழலைக் குவிப்பாய் என்று ரோமர் 12:20 சொல்கிறதே, அது நயமாகப் பழிவாங்குவதுதானே?

அதற்கு முந்தின வசனமே பழிவாங்காதிருங்கள் என்கிறது, பிந்தின வசனம் தீமையை நன்மையினால் வெல்லு என்கிறது. நடுவில் இருப்பது பழிவாங்கலாக இருக்க முடியாது. அவன் வெட்கி உள்ளே சுடப்படுவதைத்தான் சொல்கிறது என்று பலர் விளக்கியிருக்கிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிய குறளும் அதையே சொல்கிறது: "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்." இதில் "விடல்" என்பதற்குப் பரிமேலழகர் சொன்ன பொருள் அருமையானது. அவர் செய்த தீமையையும் மறந்துவிடு, நீ செய்த நன்மையையும் மறந்துவிடு. இரண்டாவதுதான் கடினம். "அவ்வளவு பண்ணினேனே" என்ற நினைப்பிலேயே எத்தனை பேருடைய அன்பு புளித்துப்போயிருக்கிறது.

அவருக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது.

அந்தக் கோபத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். சங்கீதம் 109-ஐ வாசித்தால் நீங்கள் சொல்லத் தயங்குவதைவிடக் கடுமையாக அங்கே எழுதியிருக்கும். அதைத் தேவன் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. கொட்டி முடித்தபின் அந்த ஆளின் பெயரை மட்டும் ஒருமுறை சொல்லி ஆமென் சொல்லுங்கள். சில மாதம் அதுவே போதும்.

சபையிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறோம். எதிர்ப்பக்கத்து ஆளிடம் எப்படிப் பேசுவது?

கமிட்டித் தேர்தல் முடிந்து மூன்று வருடமாகியும் முகம் பார்க்காதவர்களை எனக்குத் தெரியும். ஒரே பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து படித்த வீடுகள்.

திருவிருந்து ஆராதனையில் ஒருவருக்கொருவர் உள்ளங்கைகளைச் சேர்த்துச் சமாதானம் கொடுக்கிறோம். 1947-இல் வெவ்வேறு சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் எழுதப்பட்ட ஆராதனை முறையில் இதைச் சேர்த்தார்கள். பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றாக வந்த காலத்தில் வந்த பழக்கம் அது. அதை வரிசையில் பக்கத்திலிருப்பவருக்குக் கைமாற்றிவிட்டு எதிர்ப்பக்கத்தாரைத் தாண்டிப் போகிறோம். ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, நீங்களாகவே இடம் மாறி உட்காருங்கள். பேச வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, கை பேசும். அசன விருந்தில் அவர் இலைக்குப் பக்கத்து இலையில் உட்காரலாம். கொள்கையில் வேறுபாடு இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். கணக்கில் தவறு நடந்திருந்தால் அதைக் கூட்டத்தில் கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்டவர் வீட்டுத் துக்கத்துக்குப் போகாமல் இருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அன்பு காட்டிக் காட்டி நான் தீர்ந்துபோய்விட்டேன்.

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). நீங்களும் ஒரு நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போய் வாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கிறீர்கள் என்றால், வாரத்தில் ஒரு மத்தியானம் வேறு யாராவது உட்காரட்டும். கேட்க வெட்கப்படாதீர்கள், எங்கள் சங்கத்தில் அதற்கென்றே ஆறு பேர் இருக்கிறோம்.

அந்தச் சகிக்க முடியாத ஆள் நானாகவே இருந்தால்?

இதைக் கேட்டவர் ஒரே ஒருவர். கேட்டுவிட்டு அழுதார்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற வசனத்தை (மத்தேயு 5:23-24) நாம் தலைகீழாகவே நினைவில் வைத்திருக்கிறோம். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் என்றுதான் இருக்கிறது. போய்க் கேளுங்கள். "நான் பேசுறது உனக்கு எப்படி இருக்கு?" என்று மருமகளிடமோ மகனிடமோ கேட்டுவிட்டு, பதில் வரும்போது குறுக்கே பேசாமல் இருங்கள். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனா நீயும்" என்ற சொல் வரவே கூடாது.

இத்தனை வருடம் அன்பு காட்டியும் அவர் மாறவே இல்லை. எல்லாம் வீணா?

பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். கேட்க அவருக்கும் தோன்றியது என்பது எனக்கு ஆறுதல். ஆனால் அந்த ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் மாமா கடைசிவரை என்னை ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. படுக்கையில் விழுந்தபின் நான்தான் ஊட்டிவிட்டேன். பானையைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து திறந்து காட்டிவிட்டு ஆரம்பிப்பேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நான் எதிர்பார்த்த அந்த ஒரு வார்த்தை வராததில் எனக்கு வருத்தம் உண்டு, இன்றும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

அவர் போய் ஆறு வருடமாகிறது. இப்போதும் சோறு வடித்ததும் பானையைத் திறந்து, பின்னால் வருகிறவருக்கும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.